கறியும் கர்ரியும்: ஓர் ஆங்கிலச் சொல்லுக்குள் எத்தனை பிறப்புகள்?

அம்மாபேட்டை வாசகி:
ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளின் ஆங்கில விடைத்தாளை முன்னால் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். 'கர்ரி ஃபேவர்' என்ற தொடருக்குப் பொருள் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். காரியம் ஆக வேண்டும் என்பதற்காக ஒருவரை முகத்துதி செய்து அவருடைய தயவைத் தேடிக்கொள்வது என்பதுதான் சரியான பொருள். அவள் எழுதியது: 'வீட்டுக்கு அழைத்துக் கறி சமைத்துப் போட்டு ஒருவரை நமக்கு வேண்டியவராக்கிக்கொள்ளுதல்.' மதிப்பெண் இல்லை. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி இருக்கிறது; ஏன் தவறு என்று ஒரு வரி கூட இல்லை.

"கர்ரி என்றால் நம்முடைய கறிதானே அம்மா? விருந்து வைத்து ஆளை வளைப்பது நம் ஊரில் நடப்பதுதானே? பிறகு ஏன் தவறு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மதிப்பெண் போனதைப் பற்றிக் கவலையில்லை. ஒரு குழந்தை யோசித்து எழுதியதற்குக் காரணத்தோடு ஒரு மறுமொழி கிடைக்க வேண்டும் அல்லவா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குகை ஓய்வாசிரியர்:
அம்மா, முதலில் உங்கள் மகளை என் சார்பில் பாராட்டுங்கள். விடை தவறுதான். ஆனால் சொல்லுக்குள் கையை விட்டு எதையோ தேடியிருக்கிறாள். முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பில் நின்றவன் நான். அப்படித் தேடும் பிள்ளைகள் ஆண்டுக்கு இரண்டு பேர் கிடைத்தால் பெரிது.

விஷயம் இதுதான். ஆங்கிலத்தில் கர்ரி என்று ஒரே மாதிரி எழுதப்படும் சொற்கள் ஒன்றல்ல. உணவைக் குறிக்கும் கர்ரி நம்முடைய கறி. 'கர்ரி ஃபேவர்' என்பதில் உள்ள கர்ரி பழைய பிரெஞ்சிலிருந்து வந்த வினைச்சொல். குதிரையைத் தேய்த்துச் சீவி ஒழுங்குபடுத்துவது அதன் பொருள். குதிரை லாயத்தில் பயன்படும் இரும்புச் சீப்புக்கு இன்றும் ஆங்கிலத்தில் கர்ரி கோம்ப் என்றுதான் பெயர். அந்த வினைக்கு மூலமான பிரெஞ்சுச் சொல்லுக்கு ஆயத்தப்படுத்துதல் என்று பொருள். நாம் நாள்தோறும் சொல்லும் 'ரெடி'யும் அதுவும் வேர் வழியில் உறவு.

குதிரையைத் தேய்ப்பதற்கும் தயவைத் தேடுவதற்கும் என்ன தொடர்பு? இங்கேதான் ஒரு கதை இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் எழுந்த ஒரு நெடுங்கவிதையில் ஃபோவெல் என்ற குதிரை வருகிறது. லாயத்தில் இருக்க வேண்டிய அது அரண்மனைக்குள் குடியேறிவிடுகிறது. அரசர்களும் பிரபுக்களும் மதத்தலைவர்களும் வரிசையில் வந்து அதன் உடம்பைத் தேய்த்துவிட்டுப் போகிறார்கள். அதன் பெயரிலுள்ள எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரு தீய குணத்தின் முதலெழுத்து: முகத்துதி, பேராசை, கயமை, நிலையின்மை, பொறாமை, கோழைத்தனம். ஃபோவெலைத் தேய்ப்பது என்றால் பதவிக்காகக் கீழ்மைக்குப் பணிவிடை செய்வது. ஆங்கிலத்தில் இது முதலில் 'கர்ரி ஃபேவல்' என்றே வழங்கியது. பிற்காலத்தவருக்கு அந்தக் குதிரை யாரென்று மறந்துபோயிற்று. ஃபேவல் என்று காதில் விழுந்ததைத் தயவு என்று பொருள்படும் ஃபேவர் ஆக்கிக்கொண்டார்கள்.

நம் மொழியிலும் இதே போல் ஒன்று உண்டு. 'காக்காய் பிடித்தல்' என்கிறோம். கால் கை பிடித்தல் என்பதே அப்படித் திரிந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அங்கே குதிரை மறைந்து தயவு வந்தது. இங்கே காலும் கையும் மறைந்து காக்கை வந்து உட்கார்ந்துவிட்டது. இரண்டு மொழிகளிலும் பொருள் ஒன்று, திரிந்த விதமும் ஒன்று. இதை உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். ஆயுளுக்கும் மறக்க மாட்டாள்.

கொங்கு வேர்:
ஐயா, உங்கள் மீது மரியாதை உண்டு. ஆனாலும் ஏற்க மனம் வரவில்லை. ஆங்கில அகராதிகளை எழுதியவர்கள் நம் சொற்களுக்கு உரிய இடத்தைக் கொடுத்தவர்களா? கறி நம்முடையது என்றால் கர்ரி ஃபேவரும் நம்முடையதாக ஏன் இருக்கக் கூடாது? கிடா வெட்டிக் கறி விருந்து வைத்துக் காரியம் முடிப்பது நம் பக்கத்தில் காலங்காலமாக இருக்கிறது. வெள்ளைக்காரன் இங்கே வந்து அதைப் பார்த்துத்தான் அந்தத் தொடரை உண்டாக்கியிருப்பான். அந்தக் குழந்தை எழுதியதுதான் சரி என்பது என் கருத்து.

குகை ஓய்வாசிரியர்:
தம்பி, உங்கள் ஆதங்கம் புரிகிறது. நானும் தமிழுக்காகவே வாழ்ந்தவன். ஆனால் காலத்தைப் பாருங்கள். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498இல். ஃபோவெல் கவிதை அதற்கு ஏறக்குறைய 180 ஆண்டுகள் முந்தியது. ஆங்கிலேயர்கள் நம் கறியைச் சுவைப்பதற்கு வெகு காலம் முன்பே அவர்கள் நாட்டில் 'கர்ரி ஃபேவல்' வழங்கிவிட்டது. நம்முடையது அல்லாததை நம்முடையது என்று சொன்னால், உண்மையிலேயே நம்முடையதைச் சொல்லும்போதும் எவரும் நம்ப மாட்டார்கள். எனக்கு அந்தப் பயம் பெரிது.

நம் கறிக்குச் சான்று எவ்வளவு உறுதியானது என்று பாருங்கள். 1598இல் ஆங்கிலத்தில் வெளிவந்த டச்சுப் பயணி லின்ஸ்கோட்டனின் நூலில், இந்நாட்டு மக்கள் சோற்றின் மேல் ஊற்றி உண்ணும் சற்றுப் புளித்த மீன் குழம்பு 'காரியேல்' என்ற பெயரோடு வருகிறது. 1681இல் இலங்கையைப் பற்றி எழுதிய ராபர்ட் நாக்ஸ், சோற்றுக்குச் சுவை சேர்க்கும் 'கர்ரீஸ்' என்று எழுதி, போர்த்துக்கீசியர் சொல்லும் சொல் இது என்று சேர்த்துச் சொல்கிறார். போர்த்துக்கீசியத்தில் இன்றும் கறிக்கு 'காரில்' என்றுதான் பெயர். தென்னாட்டுக் கரையில் அவர்கள் காதில் விழுந்த சொல் அது.

லெஸ்டரில் ஓர் அஸ்தம்பட்டிக்காரி:
ஐயா, இங்கே ஒரு கேள்வி. இங்கே இங்கிலாந்தில் உள்ள நண்பர் ஒருவர், கர்ரி என்பது ஆங்கிலேயர்களின் சொந்தச் சொல் என்று அடித்துச் சொல்கிறார். இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் சமையல்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்த சமையல் குறிப்பேட்டின் தலைப்பிலேயே 'கியூரி' என்ற சொல் இருக்கிறதாம். அவருக்கு நான் என்ன சொல்வது?

குகை ஓய்வாசிரியர்:
மகளே, அந்தக் குறிப்பேடு உண்மை. அந்தச் சொல்லும் உண்மை. ஆனால் அந்தக் கியூரிக்குச் சமையற்கலை என்று பொருள். சமைத்தல் என்னும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது அது. குழம்பையோ மசாலாவையோ அது குறிக்கவில்லை. கர்ரி அவர்கள் வீட்டுச் சொல்லாக இருந்திருந்தால், 1681இல் நாக்ஸ் அதைப் போர்த்துக்கீசியர் சொல் என்று தம் மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய தேவை என்ன? உங்கள் நண்பரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியும் உணவுப் பொருளில் வரும் கர்ரிக்குத் தமிழ் மூலமே காட்டுகிறது.

நிரல் எழுதுபவன்:
வணக்கம். சொந்த ஊர் சேலம், வேலை பெங்களூரில். மென்பொருள் எழுதும் எங்களுக்கு நாள்தோறும் வேறொரு கர்ரி வருகிறது. 'கர்ரியிங்' என்று ஓர் உத்தி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதற்கும் மசாலாவுக்கும் ஏதோ தொடர்பு இருக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். இல்லை. 1900இல் பிறந்து 1982இல் மறைந்த ஹாஸ்கெல் கர்ரி என்ற அமெரிக்கத் தருக்கவியலாளரின் பெயரால் வந்தது அது. அவருடைய முதற்பெயரிலும் ஒரு நிரல்மொழி இருக்கிறது, குடும்பப் பெயரிலும் ஒன்று இருக்கிறது. கர்ரி என்பது அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வழங்கும் குடும்பப் பெயர். கூடைப்பந்து வீரர் ஸ்டீஃபன் கர்ரியின் பெயரும் உணவிலிருந்து வந்ததன்று.

உத்தியை நம் ஊர் வழியில் சொல்லிப் பார்க்கிறேன். பஸ் கட்டணம் சொல்ல நடத்துநருக்கு இரண்டு செய்திகள் வேண்டும்: ஏறும் இடம், இறங்கும் இடம். இரண்டையும் சேர்த்துக் கேட்டுக் கட்டணம் சொல்வது ஒரு முறை. முதலில் ஏறும் இடம் சேலம் என்று மட்டும் வாங்கிக்கொண்டு, 'சேலத்திலிருந்து எங்கே போனாலும் கட்டணம் சொல்லும்' புதிய கணக்கு ஒன்றை உண்டாக்குவது இன்னொரு முறை. பிறகு அதனிடம் ஏற்காடு என்றால் ஏற்காட்டுக் கட்டணம் வரும், ஓமலூர் என்றால் ஓமலூர்க் கட்டணம் வரும். பல உள்ளீடுகள் வாங்கும் ஒரு கணக்கை, ஒவ்வோர் உள்ளீடாக வாங்கும் கணக்குகளின் தொடராக மாற்றுவதுதான் கர்ரியிங். இந்தக் கருத்தை மோசஸ் ஷோன்ஃபிங்கல் என்ற இன்னொரு தருக்கவியலாளர் 1924இலேயே வெளியிட்டுவிட்டார். பெயர் மட்டும் கர்ரிக்குப் போய்விட்டது. ஷோன்ஃபிங்கலை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

தோல்மண்டி மகன்:
இன்னொரு பொருளும் விட்டுப்போயிற்று. என் தந்தை தோல் பதனிடும் கொட்டகையில் வேலை பார்த்தவர். ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிய தோல் வெளியே வரும்போது விறைப்பாக இருக்கும். அதைச் சீவி மெல்லிதாக்கி, எண்ணெயும் கொழுப்பும் ஏற்றி, வளையும்படி ஆக்குவது தனி வேலை. அந்த வேலைக்கும் ஆங்கிலத்தில் கர்ரி என்றே பெயர். அதைச் செய்பவர் கர்ரியர். குதிரையைத் தேய்க்கும் அதே பிரெஞ்சு வினைதான், ஐயா சொன்ன ஆயத்தப்படுத்துதல். அதிலிருந்து, ஒருவனைப் புடைத்தெடுப்பதற்கும் 'தோலைக் கர்ரி செய்தல்' என்று பழைய ஆங்கிலத்தில் சொன்னார்கள். நாம் 'தோலை உரித்துவிடுவேன்' என்கிறோம் அல்லவா, அதே கோபம்.

கைகளில் அந்தப் பட்டைச் சாற்றின் கறை அப்பாவுக்குக் கடைசி வரை போகவில்லை. அந்த வேலைக்கு அகராதியில் ஒரு தனிச்சொல் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமலே போய்விட்டது.

நாகலூர் மிளகுக்கொடி:
ஏற்காட்டு மலையில் காபியும் மிளகும் வைத்திருக்கிறேன். படித்துக்கொண்டே வந்தேன். எல்லோரும் ஆங்கிலக் கர்ரியைத் துருவுகிறீர்கள். நம் கறியை யாரும் தொடவில்லை. அது எனக்குக் குறையாகப் படுகிறது.

சங்க இலக்கியத்தில் கறி என்றால் மிளகு. இறைச்சி இல்லை, குழம்பு இல்லை, மிளகு. அகநானூற்றின் 149ஆம் பாட்டில் முசிறித் துறைக்கு யவனர் கப்பல்கள் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று வருகிறது. பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிக்கொண்டு போனார்கள். குறுந்தொகையில் 'கறிவளர் அடுக்கம்' என்று வருகிறது. மிளகுக்கொடி வளரும் மலைச்சாரல் என்று பொருள். பள்ளியில் இதைப் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பல ஆண்டுகள் கழித்து, பனி இறங்கும் ஒரு காலையில் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறித்துக்கொண்டிருந்தபோது அந்தத் தொடர் திடீரென்று நினைவுக்கு வந்தது. நான் நின்றுகொண்டிருந்த இடமே கறிவளர் அடுக்கம்தான். அன்றைக்கு வேலை ஓடவில்லை.

மிளகைக் கொண்டு ரோமாபுரியே பேரம் பேசியிருக்கிறது. கி.பி. 408இல் நகரை முற்றுகையிட்ட விசிகோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தாரின் தலைவன் அலாரிக், விலகிப்போகக் கேட்ட பொருள்களில் பொன், வெள்ளி, பட்டோடு 3000 ராத்தல் மிளகும் இருந்தது. சரம் சரமாகப் பறித்துக் களத்தில் காயப்போடும் இந்தக் கருமணிக்கு அப்படி ஒரு மதிப்பு.

குகை ஓய்வாசிரியர்:
ஐயா, நான் சொல்லியிருக்க வேண்டியதை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி கறி என்பதற்குக் கடித்துத் தின்னுதல், காய்கறி, இறைச்சி, மிளகு ஆகிய பொருள்களைத் தருகிறது. கறித்தல் என்றால் கடித்து மென்று தின்னுதல். இந்தப் பொருள்களை வைத்து நம் வீடுகளைப் பாருங்கள். சேலத்தில் எங்கள் குகைப் பகுதியில் ஞாயிற்றுக்கிழமை 'கறி எடுத்தாயிற்றா?' என்றால் ஆட்டுக்கறியைத்தான் கேட்கிறார்கள். என் நண்பரின் வைணவ இல்லத்தில் கறியமுது என்றால் வாழைக்காயோ அவரைக்காயோ. சந்தையில் காய்கறி, இலங்கைத் தமிழரிடம் மரக்கறி. ஒரே ஊரில் இரண்டு தெரு தள்ளினால் பொருள் மாறிவிடுகிறது.

மிளகாய் என்ற பெயரையும் பிரித்துப் பாருங்கள். மிளகு, காய். அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்த காயை, காரத்தால் மிளகோடு ஒப்பிட்டு நம்மவர் அப்படி அழைத்தார்கள். ஆங்கிலேயர்களோ பெப்பர் என்ற ஒரே பெயரை மிளகுக்கும் மிளகாய்க்கும் குடைமிளகாய்க்கும் வைத்துக் குழப்பிக்கொண்டார்கள். காய் என்று ஒரு சிறு சொல்லை ஒட்டி நம்மவர் அந்தக் குழப்பத்தைத் தீர்த்த அழகை எண்ணி நான் பலமுறை மகிழ்ந்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இது என் நெடுநாள் வேதனை. கரி வேறு, கறி வேறு. இடையின ரகரம் போட்டால் அடுப்புக்கரி. யானைக்கும் கரி என்று பெயர். வல்லின றகரம் போட்டால்தான் கறி. ஊரில் எத்தனை பலகைகளில் 'கோழிக்கரி' என்று எழுதியிருக்கிறது! இரண்டாயிரம் ஆண்டு தாண்டி வந்த சொல். ஓர் எழுத்தில் அதைக் கரியாக்கிவிடாதீர்கள்.

நாகலூர் மிளகுக்கொடி:
எங்கள் கொடிகளில் ஒரு வகைக்குக் கரிமுண்டா என்று பெயர். கேரளத்திலிருந்து வந்த வகை. அதில் வரும் கரி கருமைதான். மிளகைக் குறிக்கும் கறி இல்லை. மிளகுக்கொடியின் பெயரிலேயே கரி வருவதால் பலர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். ஐயா சொன்ன எழுத்துதான் வழிகாட்டி.

லெஸ்டரில் ஓர் அஸ்தம்பட்டிக்காரி:
எழுத்தை விடுங்கள், இங்கே செடியிலேயே ஏமாந்தேன். வந்த முதல் ஆண்டு ஒரு நாற்றுக்கடையில் 'கர்ரி பிளான்ட்' என்று பெயர் எழுதிய தொட்டியைப் பார்த்தேன். ஊரில் எங்கள் வீட்டுப் பின்புறம் நின்ற கறிவேப்பிலை மரம் கண்முன் வந்தது. விலையைக் கூடப் பார்க்காமல் வாங்கி வந்துவிட்டேன். வளர்ந்த பிறகு பார்த்தால் வெள்ளி நிற ஊசி இலை, மஞ்சள் பூ. மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடியாம். மசாலாப் பொடி போல மணக்கிறது என்பதால் அந்தப் பெயர். தாளித்துப் பார்த்தேன், நம் மணம் இல்லை. அன்று அம்மாவிடம் தொலைபேசியில் பேசும்போது தொண்டை அடைத்துக்கொண்டது.

கர்ரி என்ற பெயரின் மேல் எனக்கு மனத்தாங்கல் உண்டு. குழம்பு, கூட்டு, பொரியல், குருமா, தொக்கு, வறுவல் என்று வகை வகையாக நாம் வைத்த பெயர்களை எல்லாம் துடைத்துவிட்டு எல்லாவற்றுக்கும் கர்ரி என்கிறார்கள். சொல் தமிழாக இருந்து என்ன பயன்?

நிரல் எழுதுபவன்:
அக்கா, உங்கள் வருத்தம் நியாயம். ஆனால் அந்தச் சொல் போன இடங்களை நினைத்தால் எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது. 1747இல் ஹன்னா கிளாஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி எழுதிய கர்ரி செய்முறையில் கோழியோ முயலோ, வெங்காயம், வறுத்த கொத்தமல்லி விதை, முப்பது மிளகு, ஒரு கரண்டி அரிசி. மிளகாய் கிடையாது. 1810இல் சேக் தீன் முகமது லண்டனில் இந்திய உணவகம் திறந்தார். ஆங்கிலேயர் வழியாக ஜப்பானுக்குப் போய் அங்கே 'கரே' ஆயிற்று. 1949இல் பெர்லினில் ஹெர்த்தா ஹொய்வர் வறுத்த இறைச்சிக் குழலின் மேல் தக்காளிச் சாறும் கர்ரிப் பொடியும் சேர்த்து விற்கத் தொடங்கினார். ஒவ்வோர் ஊரிலும் அந்த ஊர் நாக்குக்கு ஏற்ப மாறியிருக்கிறது. மிளகிலிருந்து ஆட்டிறைச்சிக்கு நாமே அதை மாற்றியிருக்கும்போது, அவர்கள் மாற்றியதை மட்டும் தவறு என்று எப்படிச் சொல்வது?

லெஸ்டரில் ஓர் அஸ்தம்பட்டிக்காரி:
தம்பி, நாம் மாற்றியபோது மற்ற பெயர்களைத் தொலைக்கவில்லை. மிளகுக்கு மிளகு என்ற பெயர் இருந்தது. இங்கே என் மகன் பள்ளியில் வத்தக்குழம்பைக் கர்ரி என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் நான் விடுவதில்லை. ஒவ்வொன்றையும் அதன் பெயர் சொல்லித்தான் பரிமாறுகிறேன்.

கொங்கு வேர்:
ஆசிரியர் ஐயாவுக்கு. இரண்டு நாள் யோசித்தேன். ஃபோவெல் குதிரையின் காலக் கணக்கை என்னால் மறுக்க முடியவில்லை. கர்ரி ஃபேவர் நம்முடையது என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். அகநானூற்று வரியை மிளகுக்கொடி அண்ணன் எடுத்துப் போட்ட பிறகுதான், கையில் இருக்கும் பொன்னை விட்டுவிட்டு எதற்காகப் பக்கத்து வீட்டுப் பித்தளைக்கு வழக்காடினேன் என்று தோன்றியது.

அம்மாபேட்டை வாசகி:
எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிலையும் மகளுக்குப் படித்துக் காட்டினேன். ஃபோவெல் கதையை ஒரு முழுத்தாளில் படம் வரைந்து எழுதி, வகுப்பில் தானே கேட்டு நேரம் வாங்கிப் பேசினாள். காக்காய் பிடித்தலையும் சேர்த்துச் சொன்னாளாம். ஆசிரியை அந்தத் தாளை வாங்கி வகுப்புச் சுவரில் ஒட்டிவிட்டார். மதிப்பெண் மாறவில்லை; அவளும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளே ஒன்று சொன்னாள்: "மிளகாய் வருவதற்கு முந்தைய கறி எப்படி இருந்திருக்கும் என்று பார்க்கலாம் அம்மா." மிளகாய், தக்காளி இரண்டையும் ஒதுக்கிவிட்டு, மிளகு, சீரகம், கொத்தமல்லி, பூண்டு, சின்ன வெங்காயம் மட்டும் வைத்து அம்மியில் அரைத்து ஆட்டுக்கறி வைத்தோம். குழம்பு கருமையாக வந்தது. காரம் நாக்கில் ஏறாமல் தொண்டையில் நின்றது. மாமனாருக்கு எண்பது வயது. வழக்கமாக ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்பவர், இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

வீட்டில் இருந்த மிளகு தீர்ந்துவிட்டது. நாகலூர் அண்ணா, உங்கள் தோட்டத்து மிளகு சேலம் லீ பஜார் சந்தையில் எந்த மண்டிக்கு வரும் என்று சொல்ல முடியுமா?

நாகலூர் மிளகுக்கொடி:
மண்டிக்குப் போக வேண்டாம் அம்மா. பறிப்பு பாதிதான் முடிந்திருக்கிறது. இப்போது களத்தில் கிடப்பது இன்னும் மூன்று நாள் வெயில் கண்டால் போதும். பாப்பாவுக்கு என்று ஒரு கிலோ தனியாக எடுத்து வைக்கிறேன். விடுமுறையில் அவளை மலைக்கு அழைத்து வாருங்கள். சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்திருக்கும்போதுதான் பறிக்க வேண்டும். அதை அவளே கொடியில் பார்க்கட்டும்.